முகம் கேட்ட படங்கள்

பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் டர்பன்டைன் வாடை குப்பென்று அடித்தது. ஷாகிதாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அத்தா மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதற்கப்புறம் இந்த வீட்டில் எவன் பிரஷ்ஷைத் தொட்டான்?

அத்தா என்றால், அவளைப் பெற்ற ஓவியர் உஸ்மான் கனி. காட்டுப்பாக்கத்தில் யாருக்கும் தெரியாது. டெல்லியில் பேர் சொன்னால் எழுந்து நிற்பார்கள். முகமில்லாத மனுஷர்களை வரைந்தே பேர் வாங்கியவர். முகம் வரைந்தால் மறுமையில் அதற்கு உயிர் கொடு என்று கேட்பார்களே என்ற பயத்தில், ஒரு கண், ஒரு மூக்கு வைத்ததில்லை. கடைசியில் புத்தி கலங்கியபோது, படத்தில் இருப்பவர்கள் முகம் கேட்டு நச்சரிக்கிறார்கள் என்று அழுதார். தூக்கமே கிடையாது. மாத்திரையைத் துப்புவார். குளிப்பாட்டி, ஊட்டி, அடி வாங்கி, எல்லாம் பார்த்தவள் ஷாகிதா. இப்போது கண்காட்சிக்காரர்கள் போன் போட்டு, அந்தக் கலக்கத்தில்தான் மேதைமையே இருக்கிறது என்று உருகுகிறார்கள். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மேதைமைக்கு ஒரு வேளை சோறு ஊட்டிப் பார்க்கட்டுமே.

படங்களை ஏற்ற நாளைக்கு வண்டி வருகிறது. சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே தூசி தட்டிவிடலாம் என்று, லைட்டையும் ஃபேனையும் போட்டுவிட்டுத் துணியை எடுத்தாள்.

ஜன்னலோரம் இருந்த பெரிய படத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முகம் இருக்க வேண்டிய வெறும் இடத்தில் ஒரு புருவம். தொட்டாள். விரலில் ஒட்டியது. ஈரம்.

தம்பி ஃபாரூக்குக்குப் போன் போட்டு, நீ ஏதாவது கைவைத்தாயா என்று கேட்டாள். அவன் பெருமூச்சு விட்டான்.

"நான் இன்னாத்துக்குக்கா தொடப்போறேன்? நீ மாத்திரை போட்டுகினியா இல்லியா?"

எதைச் சொன்னாலும் மாத்திரை. போன மாசம் தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போனாள்; குடும்பத்தில் யாருக்காவது புத்தி கலங்கியது உண்டா என்று கேட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். அத்தாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டதோ? கண்ணால் பார்த்ததைக்கூடச் சொல்ல முடியாத பிழைப்பு என்ன பிழைப்பு என்று போனை வைத்தாள்.

திரும்பினாள். இரண்டு புருவம். மூக்கு. மூடிய கண்கள். கீழுதட்டுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம்.

அவளுடைய மச்சம்.

இல்லை. தனக்கு ஒன்றுமில்லை. அத்தா முகம் வரையாமல் காலமெல்லாம் காப்பாற்றிய வைராக்கியம், அது கெடக்கூடாது, அவ்வளவுதான். அலமாரியில் இருந்த, பெயின்ட் கரைக்கும் டர்பன்டைனில் துணியை முக்கினாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உதட்டைத் துடைத்தாள். மூக்கைத் துடைத்தாள். துணியில் வந்தது பெயின்ட் மாதிரி இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது. நிறுத்தவில்லை. கடைசியாகக் கண்களை, அழுத்தி, ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

இருட்டு.

கரன்ட் போய்விட்டது என்று எரிச்சல்பட்டாள். மாங்காடு ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டது. பள்ளிவாசலில் அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுதால் மனசு அடங்கும். கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய, சுவரைத் தடவிக்கொண்டே குழாயடிக்குப் போனாள். அறையைத் தாண்டும் வரை தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

குழாயைத் திறந்தாள். கை கழுவினாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீரை அள்ளிக் கொண்டுபோனாள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அத்தனையும் கழுத்தில் வழிந்தது.

மறுபடியும் அள்ளினாள்.

வழிந்தது.

அக்கம்பக்கத்தில் யாரையாவது கூப்பிடப் பார்த்தாள். சத்தம் தொண்டைக்குள்ளேயே முட்டியது.

இரண்டு கையையும் நெற்றியில் வைத்து, மெதுவாகக் கீழே இறக்கினாள். உள்ளங்கை எதிலும் தடுக்காமல், வழவழவென்று, மோவாய் வரைக்கும் வந்து நின்றது.