முப்பதாவது அடுக்கு

அறையில் மூன்று பேர். ஜன்னலோர நாற்காலியில் மேலாளர். கதவருகே ஸ்டூலில், கடிதத்தை வாங்கிப் போக வந்த டிரைவர். நடு மேசையில் சோதனைக்காரி. அவள் முன்னால், நாற்பது அடுக்கு கார்பன் துணியைப் பசையிட்டு அழுத்திச் செய்த ஹெலிகாப்டர் கதவு. நாளைக் காலை அந்த ஹெலிகாப்டரை ஓட்டப்போகிறவன் அவளுடைய தம்பி. கதவில் குறை இல்லை என்ற அவள் கடிதம் போகாமல் அதைப் பொருத்த மாட்டார்கள்.

பசைநெடியும் குளிர்பெட்டியின் முனகலும் மண்டிய அந்த மத்தியானத்தில், ஜெல்லைப் பூசி, காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பும் கருவியைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தியவள், திரையில் ஒரு கறையைக் கண்டு நின்றாள். மேலிருந்து முப்பதாவது அடுக்கு. துணியோடு துணி ஒட்டாத இடம். உள்ளங்கை அளவு.

“துணியோட ஒட்டி வர்ற பிளாஸ்டிக் படலத்தை உரிக்காம அடுக்கியிருப்பான் எவனாவது,” என்றார் மேலாளர்.

மறுபடி ஓட்டினாள். கறை இப்போது பத்தொன்பதாவது அடுக்கில்.

“என்னம்மா, கறைக்குக் கால் முளைச்சிருச்சா?”

டிரைவர் சிரித்தான்.

“கால் இல்ல சார். விரல்,” என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி.

ஜெல்லில் குமிழி இருந்தாலும் திரை ஏமாற்றும். குமிழி தோலுக்குத்தான் தெரியும் என்று கையுறையைக் கழற்றி வெறுங்கையால் தடவுவது அவள் பழக்கம். தடவினாள். குமிழி இல்லை. பனிபோல் இருக்க வேண்டிய ஜெல் வெதுவெதுவென்றிருந்தது.

கீழிருந்து ஒரு தட்டல். அவள் கைக்கு நேர் கீழே. இன்னொன்று.

மூன்றாம் முறை. இரண்டாவது அடுக்கு. ஐந்து விரல்கள், நகத்தோடு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தன. கதவில் ஊன்றியிருந்த அவளுடைய வலது வெறுங்கைக்குள் அந்த வெதுவெதுப்பு ஏறியது. விரல்கள் வந்த வழி மட்டும் திரையில் நின்றது: முப்பது அடுக்கும் பிளந்து. வேகக் காற்று மோதினால் கதவு கந்தலாகிவிடும்.

“தம்பி போற வண்டி சார். வேண்டாம்னு எழுதுறேன்.”

“உன் கையெழுத்து, உன் பொறுப்பு. எழுதி அனுப்பும்மா,” என்று மேலாளர் எழுந்து வெளியே போனார்.

பேனாவை எடுத்தாள். நிராகரிக்கவும் என்று நினைத்தாள்.

‘குறை இல்லை’ என்று எழுதியது கை.

எழுதியதை அடிக்கப் பார்த்தாள். விரல்கள் கேட்கவில்லை. பிறகு அசைந்தன. அவள் அசைக்காமல். கையொப்பமிட்டன. தாளை மடித்தன. உறையை ஒட்டின. முத்திரையை அழுத்தின. நீட்டின.

“வர்றேன்க்கா,” என்று டிரைவர் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

கத்த வாய் திறந்தாள்.

அவளுடைய வலது கை நிதானமாக மேலே வந்து, வாயைப் பொத்தியது. இடது கையால் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. வெளியே வண்டி கிளம்பும் சத்தம். விரல்கள் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் அழுந்தின.