பின்னாடி யாரும் இல்ல

படத்தில் இருந்த அவளுடைய புடவை, கீழ்க்கரையில் சாம்பல் நிறமாகியிருந்தது.

ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களின் கண் முதலில் விழும் சுவரில்தான் அந்தக் குடும்பப் படம் மாட்டியிருந்தது. நடுவில் மகள் பட்டு, ஒரு பக்கம் கணவன், மறுபக்கம் மாம்பழ மஞ்சள் புடவையில் அவள். மழை இருட்டிக்கொண்டு வந்த அந்த மதியத்தில் சட்டத்தைத் துடைக்கப் போனவள், தூசிதான் படிந்திருக்கிறது என்று நகத்தால் சுரண்டினாள். கண்ணாடி கிறீச்சிட்டது, ஆள்காட்டி விரல் நகம் பாதியாக உடைந்தது, சாம்பல் போகவில்லை. அது கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.

"என்னங்க, இந்தப் படத்தை ஏதாவது பண்ணீங்களா?"

கணவன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பழைய படம். மங்கத்தான் செய்யும்."

"உங்க சட்டை மங்கலையே."

"நல்ல சட்டை மங்காது."

கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் தங்கை களுக்கென்று சிரித்தாள். அவனும் சிரித்தான். இரண்டு பேரும் ஒரே நொடியில் சிரிப்பை நிறுத்தினார்களே, அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது.

அந்த ஸ்டுடியோ அவள் கட்டியது. அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகளின் முதல் சிரிப்பெல்லாம் அவள் எடுத்த படங்களில்தான் இருந்தது. படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல் வீட்டில் முடங்கிக் கிடந்த தங்கையை அழைத்து வந்து, கேமராவைக் கையில் கொடுத்து, வெளிச்சம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அதன் பிறகு அவளுக்கென்று வேறு வேலை வந்து சேர்ந்தது. உட்காரத் தெரியாத கைக்குழந்தையை யாராவது பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பின்திரையின் அதே சாம்பல் துணியைத் தலையோடு காலாகப் போர்த்திக்கொள்வாள். துணியில் விட்டுத் தைத்திருந்த இரண்டு வெட்டுகள் வழியாகக் கைகளை மட்டும் நீட்டி, மடியில் வைக்கப்படும் குழந்தையைப் பிடித்துக்கொள்வாள். படத்தில் தெரியும் விரல்களைக் கணவன் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடுவான். வீட்டையே இரண்டாக்குகிற குழந்தையும் அவள் கை பட்டால் அடங்கிவிடும்.

அதற்கு ஒரு விதி வைத்திருந்தாள். துணிக்குள் இருப்பவர் பேசக்கூடாது, அசையக்கூடாது. குழந்தை திரும்பிப் பார்த்தால், எதிரில் நிற்பவர் அதன் முகத்தை முன்பக்கம் திருப்பி, "பின்னாடி யாரும் இல்ல" என்று சொல்ல வேண்டும். பட்டுவுக்கு அதைச் சொல்வதில் அப்படி ஓர் ஆசை. எங்கிருந்தாலும் ஓடி வந்து பெரிய மனுஷி தோரணையில் சொல்லிவிட்டுப் போவாள்.

மாலையில் கைக்குழந்தையோடு ஒரு ஜோடி வந்தது.

"சார் சிரிக்க மாட்டாருங்க" என்றார் குழந்தையின் அப்பா. "வீட்ல நாங்கதான் அவரைப் பாத்துப் பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கோம்."

அவள் துணிக்குள் போனாள். பவுடர் வாசனையும் புளித்த பாலின் வாசனையும், தன் மூச்சே திரும்பி வந்து முகத்தில் அடிக்கும் வெக்கையும், குடை மாட்டிய விளக்கின் மெல்லிய ரீங்காரமும், அதற்கும் மேலே கூரையில் அடங்காமல் பெய்யும் மழையும் அவளைச் சுற்றி மூடின. துணியின் இழைகளுக்கு நடுவே வெளியே எல்லாம் மங்கலாகத் தெரியும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாளும் உள்ளே உட்கார்ந்து பார்க்காதவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அப்பாவும் அம்மாவும் குழந்தையின் முன்னால் குனிந்து கிலுகிலுப்பையை ஆட்டினார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் தங்கை கேமராவில் கண் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கணவன் வந்து நின்றான். தங்கையின் இடுப்பில் கையை வைத்தான். அவள் திடுக்கிடவில்லை, விலகவில்லை. பின்னுக்குச் சாய்ந்துகொண்டாள். பழகிப்போன கை.

கூடவே இருந்து குழி பறித்திருக்கிறார்கள். மண்வெட்டியை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். எழுந்திருக்கலாம். கத்தலாம். கையில் யாரோ பெற்ற பிள்ளை. அவள் அசையவில்லை. ஆனால் பிடி இறுகியிருக்க வேண்டும். குழந்தை திரும்பிப் பார்த்தது.

பட்டு ஓடி வந்தாள். "பின்னாடி யாரும் இல்ல, செல்லம்."

படம் எடுத்து முடித்து அவள் வெளியே வந்தபோது முழங்காலுக்குக் கீழே மரத்துக் கிடந்தது. குழந்தையின் அம்மா தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பொண்ணு அப்படியே உங்க ஜாடைங்க."

தங்கை மறுக்கவில்லை. பட்டுவின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"அவ என் பொண்ணுங்க" என்றாள் அவள்.

அந்த அம்மா திரும்பவில்லை. அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். யாருமே திரும்பவில்லை.

வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். அவள் காலை இழுத்துக்கொண்டு சுவரருகே போனாள். படத்தில் சாம்பல் நிறம் கழுத்து வரை ஏறியிருந்தது. மங்கிப்போன நிறம் அப்படி மடிப்பு மடிப்பாகத் தொங்காது. அது துணி.

பட்டு வேண்டும். ஸ்டுடியோவையும் கேமராவையும் அவனையும் தங்கையே வைத்துக்கொள்ளட்டும். பட்டுவைக் கூட்டிக்கொண்டு இப்போதே, இந்த மழையிலேயே போய்விட வேண்டும். பின்கட்டில் இருந்த வீட்டுக்குப் போய், கைக்குக் கிடைத்த பட்டுவின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குத் திரும்பினாள்.

புது கவுனில், நாற்காலிக்குப் பக்கத்தில் பட்டு நின்றிருந்தாள். இரண்டு கையாலும் சாம்பல் துணியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"கிளம்பு கண்ணு. போலாம்."

"ஒரே ஒரு படம்மா. நீ பிடிச்சுக்கோ."

"உனக்குத்தான் தனியா உட்காரத் தெரியுமே."

"நீ பிடிச்சாத்தான் நல்லா இருக்கும்." உதடு பிதுங்கியது. "வாம்மா."

இந்த வீட்டில் அவளை இன்னும் கூப்பிடுகிற ஒரே குரல். ஒரே ஒரு படம். எடுத்ததும் போய்விடலாம்.

உட்கார்ந்தாள். துணி இறங்கியது. கைகளை நீட்டினாள். பட்டுவின் இடுப்பு வெதுவெதுப்பாக வந்து உள்ளங்கைகளில் அடங்கியது.

இழைகளுக்கு நடுவே பார்த்தாள். கேமராவின் பின்னால் ஆளில்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. தானாக எடுத்துக்கொள்ள வைத்திருந்தார்கள்.

கணவன் வந்து ஒரு பக்கம் நின்றான்.

தங்கை வந்து மறுபக்கம் நின்றாள். மாம்பழ மஞ்சள் புடவை.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் எங்கே? தேடினாள். இல்லை. தொடை இல்லை. வயிறு இருந்த இடத்தில் ஒரு மடிப்பு. வாயைத் திறந்தாள். நாக்கில் இழை. பல்லில் இழை.

கைகள் மட்டும் இருந்தன. பட்டுவை இறுக்கினாள். என்னைப் பார். பட்டு, என்னைப் பார்.

பட்டு குனிந்து இடுப்பில் இருந்த விரல்களைப் பார்த்தாள். உடைந்த நகத்தை மெல்லத் தடவினாள்.

"பட்டு" என்றாள் தங்கை, சிரித்த முகம் மாறாமல். "பின்னாடி யாரு இருக்கா?"

பட்டு கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாரும் இல்லம்மா."

வெள்ளை வெளிச்சம்.

பிறகு மடித்தார்கள். ஒரு முனையைக் கணவன் பிடிக்க, ஒரு முனையைத் தங்கை பிடிக்க, நடுவில் பட்டு தடவிச் சுருக்கம் எடுத்தாள். பாதியாக. மீண்டும் பாதியாக. அலமாரிக் கதவு. பூச்சி உருண்டை வாசனை. இருட்டு.

மறுபடி வெளிச்சம் வந்தபோது மழை விட்டிருந்தது. யாரோ ஒரு அம்மா, யாரோ ஒரு கைக்குழந்தை. நாற்காலியின் மேல் துணி விரிக்கப்பட்டது. சுவரில் இருந்த படத்தில், பட்டுவுக்குப் பின்னால், அப்பழுக்கில்லாத சாம்பல் திரை.

"குழந்தை அழுமே. பிடிச்சுக்க ஆள் வேணாமா?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"வேணாங்க. உட்கார வைங்க" என்றாள் தங்கை.

அழுதுகொண்டிருந்த குழந்தையின் பாரம் துணியின் மேல் இறங்கியது. இரண்டு வெட்டுகளிலிருந்தும் சாம்பல் நிற விரல்கள் ஊர்ந்து வந்து அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டன. ஒரு விரலில் நகம் பாதிதான் இருந்தது. குழந்தை உடனே அழுகையை நிறுத்திவிட்டு, கழுத்தைத் திருப்பி, துணியை நேருக்கு நேராகப் பார்த்தது.

பட்டு ஓடி வந்து அதன் முகத்தை முன்பக்கம் திருப்பினாள்.