பாட்டுக்கு நடுவே வந்த குரல்

"சொல்லுங்க சார், என்ன கம்ப்ளெய்ன்ட்?"

அந்தக் குரலைக் கேட்டதும் டெரிக் அப்படியே நின்றுவிட்டான்.

வெளியே பெங்களூரு மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கையில் நனைந்த பெட்டி. உள்ளே, சொன்ன பாட்டைப் பாடும் ஸ்பீக்கர். சர்வீஸ் சென்டர் கவுன்டரில், 'ரூபினி' என்ற பெயர் அட்டையோடு இருந்தவளுக்கு மழை மேகம் போலக் கறுத்த, பெரிய கண்கள்... அழகான கண்கள்தான். ஆனால் அந்தக் குரல்!

"நீங்கதானே அது? பாட்டுக்கு நடுவுல வந்து 'பிரீமியம் எடுங்க, இடைஞ்சலே இல்லாம கேளுங்க'ன்னு சிரிக்கிறது?"

ரூபினியின் முகம் வெளுத்தது. "ஆமா சார்... ஆனா..."

"வாங்கும்போது விளம்பரமே கிடையாது. அப்புறம் ஏதோ அப்டேட்னாங்க. அன்னையிலேருந்து நீங்க! எங்கம்மா கடைசியா கேட்டது ஒரு கீர்த்தனை. பாதியில நீங்க வந்தீங்க. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள... அம்மா போயிட்டாங்க."

"சார், ஸ்வல்ப... கொஞ்சம் நில்லுங்க..."

அவன் நிற்கவில்லை. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

திருப்பத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவள் ரூபினி. குரல் நன்றாக இருக்கிறது என்று கம்பெனியில் ஒரு மத்தியானம் இருபது வரி பேச வைத்துப் பதிவு செய்தார்கள். எங்கே ஒலிக்கப்போகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு சாவு வீட்டிலா நான் சிரித்தேன்... அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டிக்குள் இருந்த பில்லில் அவன் நம்பரும் முகவரியும் இருந்தன. மூன்று முறை போன் செய்தாள். 'ஹலோ' என்றதுமே அவன் வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, ரிச்சர்ட்ஸ் டவுனில் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள்.

'என் குரல் உங்களுக்கு ஆகாது. அதான் எழுதிட்டு வந்தேன். அம்மா படத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிக்கணும்.'

டெரிக் வழிவிட்டான். இருண்ட ஹாலில், மாலை போட்ட படத்துக்கு முன்னால் அவள் கைகூப்பி நின்றாள். தோள்கள் குலுங்கின.

"ரூபினி... பேசுங்க, ப்ளீஸ்."

அவள் தலையாட்டி மறுத்தாள்.

"தப்பு உங்களோடது இல்ல." அவன் குரல் உடைந்தது. "'மாசாமாசம் ஏதோ கட்டினா அந்தப் பொண்ணு வராதாமேடா'ன்னு அம்மா ரெண்டு தடவ கேட்டாங்க. காசு குடுத்து வாங்கின பொருளுக்கு மறுபடியும் காசான்னு வீம்பு பண்ணேன். அந்த வீம்பைத்தான் உங்க தலையில கொட்டினேன்."

அவள் நிமிர்ந்தாள். இமைகளில் ஈரம்...

"இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னைக்கு அம்மா போயி பத்து நாள்கூட ஆகியிருக்கல. உங்க கண்ணைப் பார்த்ததும் எனக்குப் பிடிச்சிருச்சு. அது என்னாலயே தாங்க முடியல... அதான் அவ்ளோ கோபம்."

வெளியே மழை வலுத்தது. அவள் போய்விடுவாள் என்றே நினைத்தான்.

"அம்மாவை எங்க வச்சிருக்கீங்க?" மெல்லக் கேட்டாள்.

"ஹோசூர் ரோடு கல்லறையில. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போவேன்... தனியாத்தான்."

ரூபினி கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையைக் கையில் எடுத்தாள்.

"இன்னைக்குத் தனியா போக வேணாம்... வாங்க."