மூடிக் கிடந்த டப்பா

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.52.

ஆல்பியன் கோர்ட் முதியோர் குடியிருப்பின் தீ அபாய மணியை அலற வைத்தது கிளைவ் பார்ட்ரம்தான். அதில் துப்புத் துலக்க ஒன்றுமில்லை. குற்றவாளி பின்வாசல் கண்ணாடி முகப்பில், கஸ்டர்ட் மணக்கும் ஒரு வெண்மேகத்தின் நடுவே, கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டு நின்றார். ஆயுதமும் கையிலேயே இருந்தது.

ஆயுதத்துக்கு வயது ஒன்பது நாள். கட்டைவிரல் நீளத்தில் ஒரு வேப், மின்சார சிகரெட். விற்ற பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "புதுக் காயில், அதான் சூடாகிற கம்பிச் சுருள், மாட்டினா பத்து நிமிஷம் சும்மா வச்சிருங்க தாத்தா. உள்ள இருக்கிற பஞ்சு திரவத்தைக் குடிக்கணும். அப்புறம் மெதுவா இழுங்க. சிகரெட் மாதிரி உறிஞ்சாதீங்க."

கிளைவ் இரண்டு நிமிடம் வைத்தார். பிறகு சிகரெட் மாதிரி உறிஞ்சினார். கருகிய பஞ்சு நேராகத் தொண்டைக்குள் போய் உட்கார்ந்தது. கோபத்தில் இன்னும் கொஞ்சம் திரவத்தை ஊற்றி, பொத்தானை அமுக்கிப் பிடித்து, ஐந்து முறை இழுத்து, ஐந்தையும் தலைக்கு மேலிருந்த புகை உணரும் கருவியின் முகத்திலேயே ஊதினார்.

கிரிம்ஸ்பியின் மீன் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் காட் மீனை அறுத்துத் துண்டு போட்டவர். ஒரு நாள்கூட ஒரு விபத்தும் செய்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் பதினொரு கிழவர் கிழவிகளை நவம்பர் மழையில் தெருவுக்குத் துரத்தும் யோகம் வாய்த்தது.

மணி அடித்ததும் ஓடினார். பெஞ்சில் திறந்து கிடந்த தகர டப்பாவை எடுக்க மறந்தார்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளைவ் புகையிலையை விட்டது உடம்புக்காக அல்ல. லீட்ஸில் இருக்கும் மகள் அப்படித்தான் நினைக்கிறாள், "அம்மா இருந்தா பெருமைப்படுவாங்கப்பா" என்று போனில் அழுதாள், அவரும் திருத்தவில்லை. உண்மை வேறு. ஐஸில் ஊறிய விரல்கள் எப்போதோ விறைத்துப் போய்விட்டன. தாளில் புகையிலை வைத்து உருட்ட அவரால் முடியாது. நாற்பது வருடமாக அவருக்கு உருட்டிக் கொடுத்தவள் மனைவி எனிட். போன குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தபடி இரண்டு பிஸ்கட் டின் நிறைய உருட்டினாள். புகையிலை காயாமலிருக்க ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு உள்ளே போடுவது அவள் வழக்கம். "நான் போனப்புறம் நீ உருட்டினா பாதி தரையிலதான் கிடக்கும்" என்றாள். மார்ச்சில் போனாள்.

நாளைக்குப் பத்து, பிறகு நான்கு, பிறகு ஒன்று என்று சுருக்கிச் சுருக்கிப் பிடித்தும், அக்டோபர் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைப் பற்ற வைக்க முடியவில்லை. அதைப் பற்ற வைக்காமல் இருக்கத்தான் வேப் வாங்கினார். மிச்சமிருந்த அந்த ஒன்றையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலையும் தகர டப்பாவில் போட்டு, தினமும் பின்வாசலில் உட்கார்ந்து திறந்து பார்ப்பார். துறைமுகத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இப்படி நிம்மதியாக உட்கார முடியாது. நாலு கை நீளும். இங்கே நீள ஒரு கையும் இல்லை.

புகைப்பவர்களின் கொட்டகையும் கைவிட்டுப் போயிருந்தது. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. அது தீர்ந்தால் பேச்சும் தீரும், எழுந்து போகலாம். வேப்புக்கு முடிவே இல்லை. முதல் நாள் கொட்டகையில் கிளைவ் பாட்டுக்கு இழுத்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார். மற்றவர்கள் சிகரெட்டை அணைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் பின்வாசலோடு சரி.

2.54. முன்பக்கம், வண்டி நிறுத்துமிடம்.

லென் ஹாலம் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வர, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் கிளைவ். லென் ஒரு காலத்தில் இழுவைப் படகில் சமையல்காரர். பைப் மட்டுமே பிடிப்பவர்.

"டேய் கிளைவ், உன்மேல என்னடா பேக்கரி வாசனை?"

"வாயை மூடிட்டு நட."

எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். கடைசியாகக் கொட்டகைக் கூட்டத்தில் ஒருத்தியான கோனி ராட்க்ளிஃப் வந்தாள், கோட்டும் வீட்டுச் செருப்புமாக. கிளைவ் யார் முகத்தையும் பார்க்கத் துணியாமல் தரையையே பார்த்தார். அதனால் கோனியின் செருப்பில் ஒட்டியிருந்த மஞ்சள் இலைதான் கண்ணில் பட்டது. 3.04க்குத் தீயணைப்பு வண்டி வந்தது.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. டீசலுக்கும் ஈரக் கோட்டுகளுக்கும் நடுவே, சட்டென்று எனிட் வாசனை. ஆரஞ்சும் புகையும் கலந்த வாசனை. நாற்பது வருடம் மரத்துக் கிடந்த மூக்கு இந்த வாரம்தான் உயிர் பெற்றிருந்தது. முதல் வேலையாகத் தன் சாய்வு நாற்காலியை முகர்ந்து அவரை வெட்கப்பட வைத்திருந்தது. இப்போது இப்படிப் படுத்துகிறது. துக்கம் வந்தால் மூக்கும் பொய் சொல்லும் போல, என்று நினைத்தார். மழை பெய்ததால் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

3.20. பின்வாசல்.

டப்பா வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மூடியிருந்தது. திறந்தார். எனிட் மிச்சம் வைத்த உருட்டும் தாள்கள் இருந்தன. ஆரஞ்சுத் தோல் இருந்தது. சிகரெட் இல்லை.

பெஞ்சின் அடியில் தேடினார். குப்பைக் கூடையில் தேடினார். சட்டையில் இல்லாத ஒரு பையில்கூடத் தேடினார்.

3.25. பொது அறை.

"யாரு எடுத்திருந்தாலும் பரவாயில்லை" என்றார், பரவாயில்லாத குரலில். "அது எனிட் உருட்டினது. கடைசி ஒண்ணு."

யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். யாரோ தேநீர் போடக் கிளம்பினார்கள்.

"நான் குளியல்தொட்டியில இருந்தேன்" என்றாள் கோனி. "முன்வாசல் வழியாத்தான் ஓடி வந்தேன்."

அவளை யாரும் கேட்கவில்லை.

3.31. காப்பாளர் அறை.

காப்பாளர் பெர்னிஸ் ஓல்ட்ராய்டுக்கு நாற்பத்தைந்து வயது. புகையை வெறுப்பவள். போன மாதம் மூன்று லைட்டர்களையும் ஒரு டோஸ்டரையும் பறிமுதல் செய்தவள்.

"இந்த வருஷத்துல இது மூணாவது மணி, மிஸ்டர் பார்ட்ரம். முதல் ரெண்டும் டோஸ்ட்."

"தெரியும். நீங்க பின்பக்கம் போனீங்களா?"

"போனேன். 2.58. எழுதி வச்சிருக்கேன்."

"டப்பா இருந்துச்சா?"

"பெஞ்சு மேல. மூடியிருந்துச்சு. உங்களோடதுன்னு தெரியும், தொடல."

"பின்கதவு?"

"திறந்து கிடந்துச்சு. நான்தான் சாத்தினேன். உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒரு சிகரெட்."

"ஒண்ணே ஒண்ணா?" அவள் முகம் இளகியது. "பாருங்க, நீங்கதான் விட்டுட்டீங்களே. ஒரு வகையில இது நல்லதுக்குத்தான்னு..."

"நன்றிம்மா" என்று எழுந்தார் கிளைவ். எட்டு மாதமாக எல்லாரும் அவரிடம் பஞ்சு சுற்றித்தான் பேசுகிறார்கள். எனிட் எப்படிப் போனாள் என்று கேட்டால் டாக்டர் "நிம்மதியா" என்றார். நிம்மதியாக இல்லை, கிளைவ் பக்கத்தில்தான் இருந்தார்.

3.45. லென்னின் அறை.

"முன்னால நின்னோமே, அப்ப யாராவது புகைச்சாங்களா லென்?"

"குளிர்ல எல்லார் வாயிலயும் புகை வரும்."

"நேரா சொல்லுடா."

"படகுல நான் சமையல்காரன். கண்ணை அடுப்புல வச்சிருப்பேன், மத்தவன் தட்டுல வைக்க மாட்டேன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே கொட்டகையைப் பார்த்தார். "உன் மேகத்தை எடுத்துட்டு வேற எங்கயாவது போடா. கஸ்டர்டைப் பார்த்தா எனக்குப் பசிக்குது."

4.20. கொட்டகை.

இருட்டத் தொடங்கியிருந்தது. பிளாஸ்டிக் கூரைமேல் மழை. கோனி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய கடைச் சிகரெட் பாக்கெட், பிரிக்கப்படாமல். அதே துறைமுகத்தின் வலை பின்னும் கூடத்தில் இருபது வருடம் கயிறு இழுத்த விரல்கள் அவளுடையவை. அவளாலும் உருட்ட முடியாது.

கிளைவ் எதிரே உட்கார்ந்து, டப்பாவை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"பெர்னிஸா இருந்தா டப்பாவோட தூக்கிக் குப்பையில போட்டிருப்பா. தீயணைப்புக்காரங்க வந்தது 3.04க்கு. பெர்னிஸ் மூடின டப்பாவைப் பார்த்தது 2.58க்கு. மணி அடிச்சது 2.52க்கு, ஆக எடுத்தது அந்த ஆறு நிமிஷத்துல. லென் அப்ப என்னோட முன்வாசல்ல இருந்தான்."

கோனி டப்பாவையே பார்த்தாள்.

"உன் கதவு பின்வாசலுக்குப் பக்கத்துல. குளிச்சுட்டு இருந்தேன்னு சொன்னே, தலை காஞ்சிருந்துச்சு. முன்வாசல் வழியா வந்தேன்னு சொன்னே, செருப்புல இலை. முன்பக்கம் மரமே கிடையாது."

"பெரிய போலீஸ்தான் போ."

"இல்ல, பெரிய முட்டாள். நேரா மூக்குல வந்து சொல்லியும் எனக்குப் புரியல. வெளிய நிக்கும்போது ஆரஞ்சு வாசனை வந்துச்சு, கோனி. அவ ஞாபகம்னு நினைச்சு அழுதேன். ஞாபகம் இல்ல. அந்தச் சிகரெட்டேதான். எனக்குப் பின்னால எரிஞ்சுட்டு இருந்துச்சு."

மழை கொஞ்சம் வலுத்தது.

"ஒண்ணுதான் விளங்கல" என்றார். "திருடினவ மூடியை எதுக்கு மூடினே?"

கோனி நிமிர்ந்து பார்த்தாள். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவள் போலிருந்தாள்.

"ஒன்பது நாள்ல மறந்துட்டியா? திறந்து கிடந்தா எடுத்துக்கோன்னு அர்த்தம். எடுத்தவங்க மூடி வைக்கணும், இல்லன்னா மத்தவங்களுக்குக் காஞ்சு போகும். புகையை விட்டவன் கடைசி நாள்ல என்ன பண்ணுவான்? டப்பாவைத் திறந்து வச்சுட்டு, திரும்பிப் பாக்காமப் போயிடுவான். துறைமுகத்துல நீயே எத்தனை பேரோடதை எடுத்திருக்கே."

கிளைவின் காது சூடானது. ஆமாம். பதினெட்டு வயதில் முதன்முதலாக எடுத்தது அப்படி ஒரு டப்பாவிலிருந்துதான்.

"நீ அந்த வேப் ஆவி பக்கம் போயிட்டே. இங்க வர்றதையும் விட்டுட்டே. மணி அடிக்குது, வெளிய ஓடி வர்றேன், டப்பா திறந்து கிடக்குது, உள்ள ஒண்ணே ஒண்ணு. சரி, கிளைவ் எங்களுக்கு விடை கொடுத்துட்டான்னு நினைச்சேன். நேர்ல சொல்லக்கூட வரலையேன்னு கோபம் வேற." அவள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "அப்புறம் நீ உள்ள வந்து, எனிட் உருட்டினதுன்னு சொன்னியே. பயந்துட்டேன். வாயில வந்ததைச் சொல்லிட்டேன். தொட்டியாம், குளியலாம். நம்ம ஆளுங்க ஞாயித்துக்கிழமைதானே குளிப்பாங்க, செவ்வாய்க்கிழமை யாருய்யா குளிப்பா?"

கிளைவ் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் வேறொன்றாகி நின்றது. வேப்பை எடுத்தார். விளக்கு மூன்று முறை மினுக்கி அணைந்தது, மின்கலம் தீர்ந்திருந்தது. அதற்கும் ஒரு முடிவு இருக்கத்தான் செய்கிறது.

"அவ உருட்டினதுன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது? நான் சொன்னப்பவா?"

"இல்ல. முதல் இழுப்புலயே."

"தெரிஞ்சும் முழுசா பிடிச்சே?"

"பத்த வச்சாச்சு. அவ கைவேலையைப் பாதியில மிதிச்சு அணைக்கவா?"

அவர் டப்பாவைத் திறந்து, ஆரஞ்சுத் தோலைப் பார்த்து, மறுபடி மூடினார். கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்கத்தான் இந்த மதியம் முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார் என்பது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"கோனி, எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லியே கொல்றாங்க. நீ சொல்லாதே. எப்படி இருந்துச்சு?"

அவள் அவசரப்படவில்லை. இருட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"படு மட்டம்" என்றாள். "எட்டு மாசம் காஞ்ச வைக்கோல். தொண்டை எரிஞ்சு கண்ணுல தண்ணி வந்துச்சு. இன்னும் ஒரு மாசம் வச்சிருந்தா உன் டப்பாவுலயே தூளாப் போயிருக்கும். ஆனா அடியில, கடைசி ரெண்டு இழுப்பு அவதான், கிளைவ். அவளேதான்." பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை எடுத்து, பற்ற வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "உனக்கும் கிடைச்சுதே. ரெண்டடி தள்ளித்தானே நின்னே."