ஆறரைக்கு மூன்று ரிங்

பேருந்து நிறுத்தத்திலிருந்து என் வீட்டுக்கு எட்டு நிமிட நடை. செய்தித்தாளை நம்பினால், அதில் மூன்றாவது நிமிடத்துக்கு மேல் நான் உயிரோடு இருக்கக் கூடாது. வழிப்பறி, கத்திக்குத்து என்று எங்கள் தெருவுக்கு அப்படியொரு பெயர். இதுவரை என்னை வழிமறித்தவர் ஒருவர்தான். செருப்பு வார் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கார் இல்லாம அந்தத் தெருவுல எவனாவது நடப்பானாடா?" என்பாள் அக்கா.

எனக்குப் பறிபோனது காரில்தான். நான் ஓட்டினேன். கதவெல்லாம் பத்திரமாகப் பூட்டியிருந்தது. பக்கத்தில் மனைவி. மோதியதில் மிஞ்சிய இரும்பை விற்றுவிட்டேன்.

அக்காவோடு ஓர் ஒப்பந்தம். ஆறரைக்கு வீடு சேர்ந்ததும் வீட்டுத் தொலைபேசியிலிருந்து மூன்று ரிங் கொடுத்து வைத்துவிட வேண்டும். ஒருநாள் தவறினாலும் சாமான்களோடு என்னையும் லாரியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். மனைவியின் சீப்பு வைத்த இடத்திலேயே இருக்கும் வீடு. விட்டுப் போக மனமில்லை.

அன்று பேருந்து நடுவழியில் படுத்துவிட்டது. கைபேசியும் செத்துவிட்டது. நடந்தே வந்து சேர்ந்தபோது எட்டு மணி.

பூட்டு போட்டபடியே இருந்தது.

உள்ளே இருட்டு. அப்போதுதான் குளித்த கூந்தலின் ஈர வாசனை.

எனக்கு வழுக்கை.

தடவித் தடவித் தொலைபேசியை எடுத்தேன். ரிசீவர் தலைகீழாக வந்தது. திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, கோவிச்சுக்காத, பஸ்ஸு..."

"எதுக்குடா மறுபடியும் அடிக்கிற? ஆறரைக்கே மூணு ரிங் வந்துச்சே."

"எங்கேருந்து?"

"உன் வீட்டு நம்பர்லேருந்துதான். ஏன்டா, உள்ள யாராவது இருக்காங்களா?"

திருடனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் எந்தத் திருடன் என் அக்காவுக்குத் தகவல் சொல்லிவிட்டுத் திருடுவான்?

ரிசீவரைத் தலைகீழாக வைப்பவள் ஒருத்திதான். இடதுகைக்காரி. அதற்காகத் தினமும் என்னிடம் திட்டு வாங்கியவள்.

பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மரத்துப்போன கால் போல இருந்தது நெஞ்சு.

"யாருமில்லக்கா."

மறுநாளிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி மெல்ல நடக்கிறேன். ஏழுக்கு முன் கதவைத் திறப்பதில்லை. ரிங் ஒருநாளும் தவறவில்லை.

நேற்று மட்டும் அக்கா கேட்டாள்.

"மறதியா போனை எடுத்துட்டேன்டா. நீ பேசவே இல்ல. சரக் சரக்னு சீப்புச் சத்தம்தான் கேட்டுச்சு. வழுக்கையில என்னத்தடா வாருற?"