நிறைமதியின் தாங்கிகள்

நிறைமதி மலையேறினால் மூவாயிரம் பேருக்கு மூச்சு வாங்கும். அவளுக்கு மட்டும் வாங்காது. கழுகுமுடி ஓட்டத்தை அவள் வருடாவருடம் ஜெயிப்பது இப்படித்தான். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது, ஊரே சேர்ந்து செய்கிற காரியம்.

அடிவாரத்து மைதானத்தில் விடிந்ததிலிருந்து கூட்டம். ஆளாளுக்கு இடது மணிக்கட்டில் அயர்வுப்பட்டை. ஓடுகிறவளின் எண்ணை அதில் தட்டினால் பட்டை சிவப்பாக எரியும், அவளுடைய களைப்பு கம்பியில்லாமல் வந்து தட்டியவர் உடம்பில் இறங்கும். யார் வேண்டுமானாலும் தட்டலாம், எல்லாருக்கும் சம பங்கு. இப்படித் தாங்குகிறவர்களுக்குத் தாங்கிகள் என்று பெயர். மூவாயிரம் பேர் பங்கு போட்டால் தலைக்கு என்ன வந்துவிடப்போகிறது? மாடிப்படி ஏறி இறங்கின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நடுவில் ஒருத்தர் பட்டையை அணைத்தால் அவர் வாங்கியிருந்த களைப்பு மாயமாகிவிடாது, மிச்சமிருப்பவர்கள் தலையில் விழும். மிச்சம் யாருமே இல்லையென்றால் மொத்தமும் உரியவளிடமே திரும்பும். ஆனால் அப்படி நடந்ததே இல்லை. அதற்குத்தானே அவளுடைய ரசிகர் மன்றம் இருக்கிறது.

மன்றத்தின் செயலாளர் சடையாண்டி மேசைமேல் ஏறி நின்று மைக்கைப் பிடித்திருந்தார்.

"நம்ம பொண்ணுக்கு மூவாயிரம் பேரு! பின்னால ஓடியாருதே அந்த எஸ்டேட்டுப் பொண்ணு ரோஸ்லின், அதுக்குக் கொட்டாவி விடக்கூட ஒரு ஆளு கெடையாது!"

கூட்டம் விசிலடித்தது. ரோஸ்லினும் விதிப்படி பட்டை கட்டியிருந்தாள், அது இருண்டே கிடந்தது. "என் களைப்ப இன்னொருத்தர் மேல எப்படிங்க போடுறது?" என்று பேட்டியில் கேட்டு ஊரெல்லாம் கேலிக்கு ஆளானவள் அவள்.

அன்றைக்கு சடையாண்டி செய்த தப்பு பிரியாணி அண்டாவைத் திறக்கச் சொன்னது. நிறைமதி அப்போது அரிவாள் மேட்டை நெருங்கிக்கொண்டிருந்தாள். உச்சிக்கு முன்னால் வருகிற ஒடுக்கமான பாறை அது, இரண்டு பக்கமும் அதல பாதாளம். அதைத் தாண்டினால் உச்சிதான். அதான் ஜெயித்தாயிற்றே என்ற நினைப்பில் அவர், "தெறங்கப்பா, ஜனம் பசியோட நிக்குது" என்றார்.

மூடியைத் தூக்கியதும் வாசனை மைதானத்தையே ஒரு சுற்று சுற்றியது. களைத்த காலோடு வரிசையில் முண்டியடிக்க முடியுமா? முன்னால் நின்ற நாலு பேர் பட்டையை அணைத்துவிட்டு ஓடினார்கள். சாப்பிட்டு வந்து போட்டுக்கொண்டால் ஆச்சு. அவர்கள் பங்கு மற்றவர்களுக்குப் போனது. அதைப் பார்த்து ஒரு கும்பலே எழுந்தது. மிச்சப் பேருக்குக் கால் கனத்தது, "என்னடா இது, இப்படி இழுக்குது?" என்று அவர்களும் அணைத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் ஒருத்தர் வாயும் ஓயவில்லை. "மதி! உன்னோட நாங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே துண்டுக்கடியில் கையை விட்டு அணைத்தார்கள். அடப்பாவிகளா!

முழங்கால் மடங்கி மேசையிலேயே உட்கார்ந்தபோதுதான் சடையாண்டிக்கு விஷயம் உறைத்தது. கூட்டத்தைப் பார்த்தார். சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தது. அதற்குள் காதுக்கருவியில் நிறைமதியின் குரல் வந்துவிட்டது.

"அண்ணே, பட்டையில தாங்கிங்க எண்ணிக்கை மளமளன்னு கொறையுதுண்ணே. என்னாச்சு? மேட்டுக்கு முன்னால நிக்கட்டுமா?"

நில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நின்றால் ஓட்டம் போகும், மன்றத்தின் மானம் போகும்.

"கருவிக் கோளாறும்மா. எல்லாரும் இருக்கோம். நான் இருக்கேன்ல? நீ ஓடு."

அதைச் சொன்னபோது அவர் நிஜமாகவே இருந்தார். ஆனால் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, நெஞ்சுக்குள் உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி இருந்தது. கண் இருட்டியது. செத்துவிடுவோம் என்று பயம் பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் போய் பட்டையை அழுத்தியது. உடம்பு பஞ்சாகிவிட்டது. அந்தச் சுகத்தில் ஒரு மூச்சு இழுத்துவிட்ட பிறகு சுற்றிலும் பார்த்தார். மைதானத்தில் ஒரு சிவப்புகூட இல்லை.

மைதானத்துப் பெரிய திரையில் நிறைமதி அரிவாள் மேட்டின் நடுவில் இருந்தாள். காலையிலிருந்து ஏறின மலை மொத்தமும் ஒரே நொடியில் அவள்மேல் விழுந்தது. கால் பின்னியது. குடித்தவள் மாதிரி ஆடினாள், ஒரு பாதம் பாறையை விட்டு வெளியே போனது. கூட்டத்தின் வாயில் சோறு அப்படியே நின்றது. ஐயோ, கொன்னுட்டோமே! சடையாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அலறல் எதுவும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் நிறைமதி நிமிர்ந்து நின்றாள். நின்றது மட்டுமா, ஓடினாள். துளி களைப்பில்லாமல் காலையில் புறப்பட்ட மாதிரி ஓடினாள்.

யார் வாங்கியது? சடையாண்டி மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். எல்லாப் பட்டையும் இருட்டு. அப்போது மலைமேல் பறந்து படமெடுத்துக்கொண்டிருந்த கருவி பின்னால் நகர, திரையின் ஓரத்தில் ரோஸ்லின் தெரிந்தாள். மேட்டின் தொடக்கத்தில் குப்புற விழுந்து பாறையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

சடையாண்டி மேசைமேல் எழுந்து நின்று பார்த்தார். தன் மலையையும் சுமந்து நிறைமதியின் மலையையும் சுமக்கிறாளா இந்தப் பெண்? வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் உச்சியில் இருந்தது, நிறைமதி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"மேட்டுல எல்லாம் என்மேல விழுந்துச்சு. செத்தேன்னுதான் நெனச்சேன். மொத்தத்தையும் ஒரே ஆளு வாங்கிட்டீங்க. பட்டையில இப்பவும் ஒண்ணுன்னுதான் காட்டுது. யாரு அது? கையத் தூக்குங்க, இங்க திரையில உங்க மொகத்த நான் பாக்கணும்."

மைதானத்தில் மூவாயிரம் கைகள் உயர்ந்தன. அத்தனையும் வலது கை, பட்டை இல்லாத கை. வெட்கங்கெட்ட ஜனங்க என்று பல்லைக் கடித்த சடையாண்டி, தன் வலது கையும் மேலே நிற்பதைப் பார்த்தார்.

காதுக்குள் அவள் மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, நீங்கதானே?"

"ஆமாம்மா" என்றது அவர் வாய்.

"எனக்குத் தெரியும்ண்ணே!" நிறைமதி அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆட ஆரம்பித்தாள். உச்சிப்பாறையில் குதித்துக் குதித்து ஆடினாள். கீழே தாளத்துக்குக் கைதட்டினார்கள். திரையின் ஓரத்தில், அவளுடைய ஒவ்வொரு குதிப்புக்கும் ரோஸ்லினின் உடம்பு அதிர்ந்தது. பாறையைக் கட்டியிருந்த கையில் ஒன்று நழுவித் தொங்கியது.

"ஆடாத மதி!" என்று கத்தினார் சடையாண்டி. கைதட்டலில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை. யோசிக்க நேரமில்லை. பட்டையில் எண்ணைத் தட்டினார். சிவப்பு எரிந்தது. பாதி மலை அவர்மேல் வந்து விழுந்தது. முதுகு மடங்கி, மேசையிலிருந்து மண்ணில் சரிந்தார். நுரையீரலில் ஒரு சொட்டுக் காற்று இல்லை.

"ஏய், இங்க பாருங்கய்யா! செவப்பு எரியுது! செயலாளர்தான்யா அது!"

மைதானமே பாய்ந்து வந்தது. யாரோ மாலை போட்டார்கள். யார் யாரோ தூக்கித் தோளில் வைத்தார்கள். இல்லை, நான் இல்லை, அந்தப் பெண் என்று சொல்ல வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது, வார்த்தை வரவில்லை. தோளிலிருந்து பார்க்கத் திரை நன்றாகத் தெரிந்தது. ரோஸ்லின் தலையைத் தூக்கி, தொங்கிய கையை இழுத்துப் பாறைமேல் வைத்தாள். அவளைப் பாருங்கள் என்று சடையாண்டி உயிரைத் திரட்டித் திரையை நோக்கிக் கையை நீட்டினார்.

அந்தக் கைக்குக் கூட்டம் ஆர்ப்பரித்தது. உச்சித் திரையில் அதைப் பார்த்த நிறைமதி, அண்ணனுக்காக என்று சொல்லி, உச்சியில் இன்னொரு ஆட்டம் ஆரம்பித்தாள்.