பளிங்குத் துணி

படத்தில், தேவாலயத்தின் தரை ஈரமாக இருந்தது. அன்றைக்கு அந்த ஊரில் ஒரு பொட்டு மழை பெய்யவில்லை என்பது புஷ்பமலருக்கு நன்றாக நினைவிருந்தது.

"இஞ்சருங்கோ, இதில தண்ணி நிக்குது."

"பளிங்கப்பா, மினுங்குது," என்றார் யூட், புரொஜெக்டருக்குப் பின்னாலிருந்து. "உலகத்தின்ட மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கோயில் காட்டினா, நீர் நிலத்தைப் பாக்கிறீர்."

பூமியின் தென்பாதியில் ஜூலைதான் குளிர்காலம்; ஏவன்டேலில் பின்னேரத் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் இருட்டிவிடும். வாடகைக்கு எடுத்த பழைய பலகை வீடு. குளிர்காலம் முழுக்க அதன் சுவர்களில் பூஞ்சண வாசம் ஊறிக் கிடக்கும். முன்னறைச் சுவரில் ரோசாப்பூப் போட்ட தாள் ஒட்டியிருந்ததால், சமையற்கட்டான குசினிவரை நீளும் உள்நடையின் வாசல் நிலையில் வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார் யூட். புரொஜெக்டர் வேலையிடத்து நண்பரிடம் இரவல் வாங்கியது. அதன் விசிறி இரைந்தது. சூடேறிய தூசி மணத்தது. படம் மாறும்போதெல்லாம் ஒரு 'டக்', ஒரு கண இருட்டு, பிறகு இத்தாலி.

மே மாதம் போயிருந்தார்கள். தெற்கே ஒரு துறைமுக ஊர். யூட்டின் தங்கை ஷாமிலா அங்கே வீடுகள் துப்புரவு செய்து பிழைக்கிறாள். கதீட்ரல் வாசலில் இறக்கிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். உள்ளே நுழைந்த புஷ்பமலர் சிலுவை போடவும் மறந்து அண்ணாந்தபடி நின்றாள். குவிமாடம் முழுவதும் பொன் துணுக்குகள். அவற்றின் நடுவிலிருந்து பெரிய கண்களோடு ஆண்டவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூண்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அழிந்துபோன பழைய கோயில்களிலிருந்து பிடுங்கி வந்து நட்டவையாம். ஒன்று பாசிப் பச்சை, ஒன்று புகை நிறம், ஒன்று அறுத்த இறைச்சியின் சிவப்பு. உயரத்துச் சாளரத்து வெயில் தரைக் கோலங்களின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

நிலவறையில்தான் அந்தச் சிலை. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசு பளிங்கில் கிடந்தார். மேலே ஒரு துணி. துணியும் பளிங்கு. நனைந்த மல் துணி முகத்தில் ஒட்டிக்கொண்டதுபோல், மூக்கெலும்பும் கண்குழியும் பாதி திறந்த வாயும் அதனூடாகத் தெரியும்படி செதுக்கியிருந்தான் எவனோ ஒரு மகா சிற்பி.

"கல்லை எப்பிடியப்பா நனைச்சவன்?" என்று யூட் மூச்சடைத்துப்போய்க் கேட்டார்.

சிலையின் காலடிச் சுவர் நிறையப் புகைப்படங்கள். கிழவர்கள், மீசைக்காரர்கள், விடலைப் பையன்கள். கீழே இத்தாலிய மொழியில் ஏதோ எழுதியிருந்தது. இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. புஷ்பமலருக்கு வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. மன்னாரில், ஊர்க் கோயிலில், காணாமற்போன பிள்ளைகளின் படங்களைத் தாய்மார் இப்படித்தான் மாதாவின் காலடியில் வைப்பார்கள். கண்டுபிடித்துத் தா என்று கேட்பார்கள். அவள் கைப்பையிலிருந்து நிரூஜனின் படத்தை எடுத்தாள். ஒரே மகன். தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கியபோது இராமேஸ்வரத்துக்கென்று வள்ளம் ஏறியவன். வள்ளம் போய்ச் சேரவில்லை. உடம்பும் கரையொதுங்கவில்லை.

"ஒரு ஆன்மப் பூசை வைப்பம் புஷ்பம்," என்று, மரித்தோரை நினைக்கும் மாதமான கார்த்திகையில் ஒவ்வொரு வருடமும் யூட் கெஞ்சுவார்.

"உடம்பைக் காட்டுங்கோ. வைக்கிறன்." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மகனின் படத்தை அந்தச் சுவரில் செருகி, சிலையின் பளிங்குக் காலைத் தொட்டு, அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எப்படியாவது என்னட்டக் கொண்டு வந்து விடு.

டக்.

நிலவறைப் படிகள். மேலே ஏறி வரும்போது யூட் திரும்பி நின்று எடுத்த படம். படிகளில் ஈரம். இப்போது அது பளபளப்பில்லை. தெளிவாக, குதிகாலும் விரல்களுமாக, வெறுங்கால் தடங்கள்.

"துடைச்சிருப்பினம்," என்றார் யூட். குரலில் முன்னைய கேலி இல்லை.

டக். தூண் வரிசை. பச்சைத் தூணருகே தடங்கள். இடது தடம் உட்பக்கம் திரும்பியிருந்தது. புஷ்பமலர் முன்னால் குனிந்தாள். சைக்கிளால் விழுந்து கணுக்கால் முறிந்த நாளிலிருந்து நிரூஜன் இடது காலை அப்படித்தான் மிதிப்பான். செருப்பும் ஒரு பக்கம் தேயும்.

சொல்ல வாயெடுத்தாள். குசினியில் டெலிபோன் அடித்தது.

"ஷாமியாத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையெல்லே." யூட் ரிமோட்டை அவள் மடியில் போட்டுவிட்டு, விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்து உள்நடைக்குள் போனார். ஈரம் படாத அவருடைய சப்பாத்து ஓசை பலகைத் தரையில் குசினி வரை போய் நின்றது.

அவள் அழுத்தினாள். டக். தேவாலயத்தின் பெரிய வெண்கலக் கதவு. தடங்கள் வாசற்படி தாண்டியிருந்தன. டக். சதுக்கம், நல்ல வெயில், புறாக்கள், கற்களின் மேல் காயாத தடங்கள். டக். விமான நிலையம். அவர்களுடைய சூட்கேஸ்களைச் சுற்றித் தண்ணீர்.

"ஓம் ஓம், அந்தப் படங்கள்தான் பாக்கிறம்," என்று குசினியில் யூட் கதைத்தார். "கீழ அந்தச் சிலை, படமெல்லாம் வச்ச சுவர்... ஓம். அண்ணி பெடியன்ட படத்தையும் வச்சிட்டு வந்தவ."

பிறகு, 'ம்... ம்...' என்று ஷாமிலா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடி சொல்லுறாய்?"

பிலிம் மிச்சம் இருக்கிறது, வீணாக்கக் கூடாதென்று, திரும்பி வந்த மறுநாள் யூட் வீட்டைச் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்தார். டக். தெருவோரத் தபால் பெட்டி. அதனடியில் புல் நசுங்கிக் கிடந்தது. டக். எலுமிச்சை மரம், சீமெந்துப் பாதை. பாதையில் தடங்கள். இடது கால் உட்பக்கம்.

"அந்தச் சுவரில இருக்கிறது எல்லாம் செத்த ஆக்களின்ட படமோ? கடலில போய், உடம்பு கிடைக்காதவையோ?" யூட்டின் குரல் உயர்ந்தது. "அப்ப... படம் வச்சவையைத் தேடி வருவினமோ? சும்மா விசர்க் கதை கதையாத."

டக். வாசற்படி.

அறையில் மணம் மாறியிருந்தது. பூஞ்சணம் இல்லை. தூசி இல்லை. வெயிலில் கிடந்த கடற்பாசி. வலை. உப்பு.

"மரித்தோர் செபம் சொன்னாத்தான் திரும்பிப் போவினமாம்... புஷ்பம்! புஷ்பம், கேக்குதே? அந்தச் செபத்தைச் சொல்லும்!"

டக்.

கடைசிப் படம். இந்த வீட்டின் உள்நடை. முன்னறையிலிருந்து எடுத்தது. உண்மையான உள்நடையை மறைத்துத் தொங்கிய விரிப்பின் மேல், அதே உள்நடை அதே அளவில் விழுந்தது. படத்தில் தடங்கள் இல்லை. பலகைத் தரை காய்ந்திருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

அப்புறம் விரிப்பின் கீழ் விளிம்பு கறுத்தது.

ஈரம் நூலைப் பிடித்து மெல்ல ஏறியது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். கீழே, விரிப்புக்கும் தரைக்கும் இடையில், வெறுங்கால் விரல்கள். வெளிறி ஊதியவை. இடது கால் உட்பக்கம் திரும்பியிருந்தது.

"யூட்..."

"இந்தா வாறன்!" அவருடைய குரல் இன்னும் தூரத்தில், குசினியில்.

செபம் அவளுக்குத் தெரியும். ஊரில் எத்தனை பேருக்காகச் சொன்னது. 'நித்திய' என்று தொடங்கும். தொடங்கினால் அவன் போய்விடுவான். சொன்னால் அவன் செத்தவன். அவள் வாயாலே செத்தவன்.

உதடு பிரிந்தது. 'நித்...' நாக்கு அங்கேயே நின்றது.

துணி முன்னால் வந்தது. ஒட்டியது. மூக்கெலும்பு. கண்குழி. பாதி திறந்த வாய். அந்தச் சிற்பி கல்லில் செய்தது, இங்கே நனைந்த துணியில்.

"வா ராசா," என்றாள் புஷ்பமலர். "அம்மா இஞ்சதான் இருக்கிறன்."

வெளிச்சத்தில், வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே இழுபட்டது. ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழத் தொடங்கின.